ஓரத்தில் விழுந்த பெயர்

எங்கள் ஆபீஸில் அவனுக்கு மாப்பிள்ளை என்று பெயர். தினமும் கல்யாணத்துக்குக் கிளம்பியவன் மாதிரி சட்டை மடிப்புக் கலையாமல் வருவான். சாயங்காலம் போகும்போதும் கலைந்திருக்காது, வேலை அந்த லட்சணம்.

பார்சல் கம்பெனி ஒன்றுக்கான புரோகிராமைப் பல வருஷமாக எழுதியவள் நான். பிறகு ஆட்கள் சேரச் சேர ஆளுக்கொரு பாணி வந்தது. ஒருத்தர் நெருக்கியடித்து எழுதுவார், இன்னொருத்தர் பாதித் திரையைக் காலியாக விடுவார். படிப்பதற்குள் விழி பிதுங்கிவிடும். எல்லோரும் ஒரே மாதிரி எழுதுங்கள் என்று தொண்டை வற்றக் கத்தி, அதற்கான விதிகளை எழுதிக் கொடுத்ததும் நான்தான்.

அம்மாவின் கண் ஆபரேஷனுக்கு நான் லீவு போட்ட வாரத்தில், மாப்பிள்ளை அந்த விதிகளை ஒரு கருவியில் போட்டு, பட்டனைத் தட்டி, மொத்தப் புரோகிராமையும் ஒழுங்குபடுத்திவிட்டான். ஒரு இடைவெளியை மட்டும் மாற்றினாலும் சரி, ஒரு வரியைக் கடைசியாகத் தொட்டவர் பெயர்தான் அதன் ஓரத்தில் விழும். நான் திரும்பி வந்தபோது எல்லா வரியிலும் அவன் பெயர். அதைப் பார்த்துவிட்டு மானேஜர், எனக்கென்று சொல்லிவைத்திருந்த டீம் தலைமைப் பொறுப்பை அவனுக்குத் தூக்கிக் கொடுத்திருந்தார்.

"முக்கால்வாசி எழுதினது நான் சார்" என்றேன்.

"கம்ப்யூட்டர் பொய் சொல்லுமாம்மா?" என்றார்.

அன்று ராத்திரி பாத்திரம் கழுவிய சத்தத்தில், "அது என்ன பாவம் பண்ணுச்சு?" என்று வீட்டுக்காரர் எட்டிப் பார்த்தார்.

போன வாரம் பார்சல் கம்பெனி புதுக் கிளை திறந்தது. அங்கே போக வேண்டிய பார்சல்கள் எல்லாம் அனுப்பியவர் வீட்டுக்கே திரும்பி வந்தன. நேற்று மானேஜர் எங்கள் எல்லோரையும் கூட்டி, தப்பான வரியைத் திரையில் போட்டார். ஓரத்தில் மாப்பிள்ளை பெயர்.

"ஏம்ப்பா இப்படி எழுதின?"

மாப்பிள்ளைக்கு வியர்த்துக் கொட்டியது. "நான் எழுதல சார். இடைவெளி மட்டும்தான் சரி பண்ணேன். எல்லாம் அவங்க எழுதினது."

கூசாமல் என் பக்கம் கையை நீட்டினான். மானேஜரும் கூசாமல் என் பக்கம் திரும்பினார்.

"அப்போ தப்பு உங்களோடதாம்மா?"

"ஆமா சார், அந்த வரி நான் எழுதினதுதான். மத்ததுல முக்கால்வாசியும் நான் எழுதினதுதான். இப்போ அவரே சொல்லிட்டாரே."

"அதை அப்புறம் பேசிக்கலாம். முதல்ல இதைச் சரி பண்ணுங்க."

நாற்காலியை இழுத்துப் போட்டு மானேஜருக்கு எதிரே உட்கார்ந்தேன். என் லேப்டாப்பை மூடினேன்.

"முதல்ல அதைப் பேசுவோம் சார்."