பாவுக் கஞ்சி

பெட்டியைச் செய்து முடித்த அன்று பக்கத்து வீட்டு எல்லம்மாள் எட்டிப் பார்த்துக் கேட்டாள்: "இன்னாபா ஆதி, இம்மாம் ஐஸு? வூட்ல யாராவது பூட்டாங்களா?"

எங்கள் தெருவில் ஐஸ் கட்டி ஒரு வீட்டுக்குள் போனால் அர்த்தம் அதுதான், சாவு. பிரிஜ் என்பதைப் பட்டுக்கடை முதலாளி வீட்டில் ஒருமுறை தூரத்திலிருந்து பார்த்திருக்கிறேன். வாங்கும் யோசனையெல்லாம் கிடையாது. ஆனால் நான் வேலை செய்தது ஐஸ் பாக்டரியில், ராத்திரி ஷிப்ட். உடைந்த கட்டிகளைக் காலையில் யார் எடுத்துப் போனாலும் அங்கே கேட்க மாட்டார்கள்.

பெரிய மரப்பெட்டிக்குள் சின்ன மரப்பெட்டி. நடுவில் உமியை அடைத்தேன். அடித்தட்டில் ஐஸோடு கல்லுப்பு. உப்பு சேர்ந்தால் குளிர் இன்னும் இறங்கும். எதை வைத்தாலும் கல்லாகிவிடும். மேல்தட்டில் வெறும் ஐஸ். அங்கே வைப்பது கெடாது, உறையவும் உறையாது.

"பி.யு.சி.யில இது ஒண்ணைத்தான் ஒழுங்காப் படிச்சியா?" என்றாள் காந்தா. என் மனைவி. படிப்பைப் பாதியில் விட்டதைக் குத்திக் காட்ட அவளுக்குக் காரணம் ஏதும் வேண்டியதில்லை.

பெட்டி செய்ததே அவளுக்காகத்தான். தென்னேரிப் பள்ளிக்கூடத்தில் அவளுக்கு டீச்சர் வேலை கிடைத்திருந்தது. டிரெயினிங் முடித்துவிட்டு வருஷக்கணக்காகக் காத்திருந்த வேலை. திங்கட்கிழமை சேர வேண்டும். விடிந்ததும் பஸ். குழந்தை லோகாவுக்கு ஒன்றரை வயது. அம்மா கையால் தவிர வேறு யார் கொடுத்தாலும் சாப்பிட மாட்டாள்.

"ஒரு வாரம் பாப்பேன்" என்றாள் காந்தா. "கொழந்த எளைச்சுதுன்னா வேலைய உட்டுட்டு வந்துடுவேன். அப்புறம் எதுவும் கேக்காத."

அவள் சொன்னால் செய்வாள். வேலையை விட்டுவிட்டு, ஆயுள் முழுக்க அதைச் சொல்லிக்காட்டவும் செய்வாள். என் கவலையில் பாதி அது.

நான் காலையில் வீடு திரும்பி அடுப்போடு மல்லுக்கட்டினால் தூங்க முடியாது. தூங்காமல் ஷிப்டுக்குப் போனால் உப்புத் தண்ணீர்த் தொட்டிக்குள் தலைகுப்புற விழ வேண்டியதுதான். அதனால் ஞாயிற்றுக்கிழமையே ஒரு வாரத்துக்கும் சேர்த்துச் சமைத்தேன். பருப்பும் சோறும் குழைத்தது, கேரட்டும் உருளைக்கிழங்கும் மசித்தது, கேழ்வரகுக் கூழ். எல்லாவற்றையும் அலுமினிய டம்ளர்களில் ஊற்றி அடித்தட்டில் அடுக்கினேன். மூடியதும் எது எதுவென்று தெரியாது. அதற்கு எல்லம்மாளின் புருஷன் ராமலிங்கம் கழிவுப் பட்டுநூல் கொடுத்தார். அவர் நெசவாளி. பருப்புக்கு மஞ்சள், கேரட்டுக்குப் பச்சை, கேழ்வரகுக்கு நீலம் என்று கட்டினேன். மிச்சமிருந்த சிவப்பைக் கஞ்சிக்கு வைத்துக்கொண்டேன்.

சாப்பாட்டை வெளியே எடுப்பதும் பாக்டரி முறைதான். டம்ளரைத் தண்ணீரில் முக்கினால் ஓரம் இளகி முழுக்கட்டியாக வந்து விழும். அதைச் சுட வைத்தால் ஆயிற்று. அடுக்கி முடித்துப் பார்த்தபோது எனக்குத் திருப்தியாக இருந்தது. வாழ்க்கையில் இதைவிட ஒழுங்காக எதையும் அடுக்கியதில்லை.

திங்கட்கிழமை லோகா மஞ்சள் நூல் பருப்பைத் துப்பினாள். மத்தியானம் பச்சை. செவ்வாய்க்கிழமை நீலம் என் சட்டையில் இருந்தது. இரண்டு நாளும் அவள் சாப்பிட்டது பொரை ரொட்டியும் மோரும்.

காந்தா சாயங்காலம் வந்ததும் செருப்பைக் கழற்றுவதற்கு முன்பே குழந்தையின் வயிற்றைத் தொட்டுப் பார்த்தாள்.

"ஒட்டிக் கெடக்குது" என்றாள்.

செவ்வாய்க்கிழமை ஷிப்டுக்குப் போகும் முன் கடைசி முயற்சியாக ஒரு குண்டான் அரிசிக் கஞ்சி வைத்தேன். ஜீரகம், உப்பு, தாராளமாக நெய். தட்டால் மூடி, சிவப்பு நூல் கட்டி மேல்தட்டில் வைத்தேன். அப்போது ராமலிங்கம் இன்னொரு குண்டானோடு வந்தார். பாவுக்குக் கஞ்சி போடவேண்டிய நாள் அவருக்கு. தறியில் ஏற்றும் முன், நெடுக்கு நூலான பாவைத் தெருநீளத்துக்கு இழுத்துக் கட்டி, கஞ்சி தடவிக் காய வைப்பார்கள். அன்று பார்த்துத் தூறல்.

"நாளைக்கு விடிஞ்சதும் விரிக்கப் போறோம்பா. அதுக்குள்ள இந்தக் கஞ்சி புளிச்சுப் பூடும். உன் பொட்டில கொஞ்சம் எடம் குடேன்."

"வெச்சுட்டுப் போங்கண்ணே" என்று சொல்லிவிட்டு நான் பாக்டரிக்குக் கிளம்பினேன்.

காலையில் நான் திரும்பும்போது தெருவில் பாவு கட்டியாகியிருந்தது. காந்தா பஸ்ஸுக்கு ஓடிக்கொண்டிருந்தாள். "இருட்டுல ஒண்ணுல செவப்பு நூலு தெரிஞ்சுது, அது நம்முது, உள்ள இருக்குது, இன்னொண்ண அண்ணன்கிட்ட குடுத்துட்டேன்" என்று போகிற போக்கில் சொன்னாள்.

சிவப்பு நூல் கட்டிய குண்டானை எடுத்தேன். வெதுவெதுப்பாக்கி, ஒரு டம்ளரில் ஊற்றி, லோகாவை மடியில் வைத்துக்கொண்டேன். துப்புவதற்குத் தயாராகத் துண்டும் போட்டுக்கொண்டேன்.

குடித்தாள். நிறுத்தாமல் குடித்தாள். டம்ளர் காலியானதும் அதைத் தரையில் தட்டினாள். இன்னொரு டம்ளர். அதுவும் போனது. நெய்தான் வேலை செய்திருக்கிறது என்று என்னை நானே மெச்சிக்கொண்டேன். அப்போது தெருவிலிருந்து சத்தம் வந்தது.

"ஏம்பா ஆதி! இன்னாபா இது? பாவுக்கு ரசம் வெச்சுக் குடுத்துக்கிறே?"

ராமலிங்கம் கஞ்சி வடிகட்டும் துணியை விரித்துப் பிடித்துக்கொண்டு வாசலில் நின்றார். துணி நிறைய ஜீரகம்.

"நெய்யி வேற மெதக்குது. வடிகட்டாம தடவியிருந்தா பாவும் போச்சு, நானும் போனேன்."

பின்னாலேயே எல்லம்மாள். நான் சிவப்பு நூல் கட்டிய தட்டைக் காட்டினேன்.

"அது நான் கட்டினதுபா" என்றாள். "மூடி வுழாம இருக்கட்டும்னு கையில இருந்த நூலச் சுத்துனேன். நீ கட்டியிருந்ததும் செவப்பா?"

அந்தத் தெருவில் எல்லோர் கையிலும் எப்போதும் நூல் இருக்கும். நூலை அடையாளமாக வைத்தது என் மடத்தனம். லோகாவைப் பார்த்தேன். வாயைச் சுற்றிக் கஞ்சி.

"அண்ணே, உங்க கஞ்சியில இன்னா போட்டீங்க?"

"எதுக்கு?"

"சொல்லுங்கண்ணே."

"அரிசி. தண்ணி. வேற இன்னாத்தப் போடுவாங்க, ஏலக்காயா?" அவர் குழந்தையின் வாயைப் பார்த்தார். அப்புறம் டம்ளரை. "அடிப் பாவி! எம் பாவக் குடிச்சுட்டாளா?"

எல்லம்மாள் சிரித்துச் சிரித்து வாசற்படியிலேயே உட்கார்ந்துவிட்டாள். "நெய்யூத்தி வெச்சத உட்டுட்டு இத்தப் போய்க் குடிக்குது பாரு. நெசவுக்காரன் வூட்டுல பொறக்க வேண்டியதுபா."

வெயில் ஏறுவதற்குள் பாவுக்குக் கஞ்சி வேண்டும். குண்டானில் மிஞ்சியது போதாது. என் அடுப்பை மூட்டி, வீட்டிலிருந்த நொய்யரிசியை முழுக்கப் போட்டேன். ராமலிங்கம் கிளறினார், நான் விசிறினேன். ஜீரக டப்பாவை எல்லம்மாள் முன்கூட்டியே எடுத்து ஒளித்துவைத்தாள். கஞ்சி தெருவுக்குப் போனது. பாவு தப்பியது. அடியில் ஒரு டம்ளர் மிச்சம் வைத்து, மத்தியானம் அதில் மஞ்சள் நூல் பருப்பை ஒரே ஒரு கரண்டி கரைத்துக் கொடுத்தேன். லோகா என்னை ஒரு பார்வை பார்த்துவிட்டுக் குடித்தாள். பிறகு இரண்டு பேரும் தூங்கினோம்.

சாயங்காலம் காந்தா வந்து வயிற்றைத் தொட்டாள். கையை எடுக்கவில்லை.

"இன்னா சாப்ட்டா?"

"பாவுக் கஞ்சி."

நடந்ததைச் சொன்னேன். திட்டு விழும் என்று நினைத்தேன். அவள் லோகாவின் வயிற்றில் விரலால் தட்டினாள். குழந்தை சிரித்தது.

"கெட்டியாத்தான் இருக்குது" என்றாள். "எல்லம்மாக்கா கஞ்சி வெக்கிறப்ப ஒரு புடி அரிசி நம்முதும் போட்டுக்கச் சொல்லு. அந்தச் செவப்பு நூலத் தூக்கி வெளிய போடு."

பிறகு குடையைத் தேடி எடுத்துக் கதவோரம் சாய்த்து வைத்தாள். காலையில் தூறல் இருந்தால் பஸ்ஸுக்கு நனையாமல் போக வேண்டுமே.

கேரட் டம்ளர்களை அந்த வாரம் முழுக்க நான்தான் சாப்பிட்டேன். லோகா துப்பியதில் தப்பில்லை.