நோன்பு வாயில் சீனித் தண்ணீர்

இப்போதெல்லாம் மனிதர்களுக்குத் தும்மல் வந்தாலே டாக்டர் வேண்டியிருக்கிறது. அந்த டாக்டரும் வியாதிக்கு ஒரு பெயர் வைத்துவிட்டால் போதும், அதைப் பதக்கம் போல நெஞ்சில் குத்திக்கொண்டு திரிகிறார்கள். வேலைக்குப் போகாததற்கும் அதுதான் சாக்கு, பள்ளிவாசலுக்கு வராததற்கும் அதுதான் சாக்கு. அப்துல் ரசாக்குக்கு இதை நினைத்தாலே வயிறு எரியும். பினாங்குத் துறைமுகத்தில் சரக்குப் படகோட்டிகளுக்குத் தலைவனான தண்டலாக இருந்து கிழடானவர் அவர். காய்ச்சலோடு அரிசி மூட்டை இறக்கியிருக்கிறார். எழுத்து வாசனை கிடையாது. ஆனால் ரமலானில் ஒரு நோன்பு விட்டதில்லை.

அப்பேர்ப்பட்டவருக்கு வாய்த்த மருமகன் பகலில் சோறு தின்கிறவன்.

ஜபருல்லாவுக்கு இனிப்பு நீர் வியாதி. யாழ்ப்பாணத்து டாக்டர் ஒருவர், கப்பலில் வருகிற புது மருந்தை ஊசியாகப் போட்டுக்கொள்ளச் சொல்லியிருந்தார். காலையில் ரசாக்கின் மகள் சலேஹாதான் ஊசியைக் கொதிநீரில் போட்டெடுத்துப் புருஷன் தொடையில் குத்துவாள். குத்தினால் சாப்பிட்டே ஆக வேண்டுமாம், நோன்பு பிடிக்கக் கூடாதாம். நோயாளிக்கு மார்க்கத்திலேயே விலக்கு உண்டென்று இமாமும் சொல்லிவிட்டார். இமாமுக்குப் புத்தி தளர்ந்துவிட்டது என்று ரசாக் முடிவு கட்டினார். பள்ளிவாசலில் நோன்புக் கஞ்சிக்கு நின்றபோது, “தண்டல் வூட்டு மருமவன் பகல் சோத்துக்காரராமே” என்று வரிசையில் நின்ற அப்துல் காதர் சிரித்தது அவருக்குச் செரிக்கவே இல்லை. நேரே மகள் வீட்டு வாசலுக்குப் போய் ஒரே பேச்சாகச் சொல்லிவிட்டு வந்தார். இனி ஒரு பகல் அவன் வாய் அசைந்தது தெரிந்தாலும் மகளைக் கூட்டிக்கொண்டு போய்விடுவார்.

சொன்னதைச் சோதிக்க வேண்டாமா? இரண்டு நாள் விட்டு, மதியத் தொழுகையான லுஹர் தொழுத கையோடு அச்சீன் ஸ்திரீட்டில் இருந்த அந்த வீட்டுக்குப் போனார்.

ஜபருல்லா கடையிலிருந்து வந்து முன்கூடத்து நாற்காலியில் சரிந்து கிடந்தான். சட்டை நனைந்து முதுகோடு ஒட்டியிருந்தது. நடுங்குகிற விரல்களால் பித்தானைப் போடுவதும் கழற்றுவதுமாக இருந்தான். மாமனார் முன்னால் நிமிர்ந்து பார்க்காதவன், அன்று அவரை முறைத்தான்.

“யாருடா நீ கெழவா? இது என் வூடு. வெளிய போ.”

ரசாக் குனிந்து அவன் வாயை மோந்து பார்த்தார். கள் வாடை இல்லை. அப்படியானால் சண்டுக் கடைக்குப் போய் அபின் புகைத்துவிட்டு வந்திருக்கிறான், அதுவும் நோன்பு மாதத்தில். தெருவுக்கே கேட்கும்படி அதைச் சொன்னார். பக்கத்து வீட்டு ஆசியா பீவி ஜன்னலைத் திறந்தாள்.

சத்தம் கேட்டு அடுக்களையிலிருந்து ஓடிவந்த சலேஹா, நாற்காலியடியில் இருந்த தூக்குச் சட்டியைத் திறந்தாள். காலையில் அவள் கட்டிக் கொடுத்த சோறு அப்படியே இருந்தது.

“கடையில சாப்பிட்டுக்கிறேன்னு சொல்லி ஊசியைப் போட்டுக்கிட்டுப் போனார் வாப்பா. உங்களுக்குப் பயந்து நோன்பு பிடிச்சிருக்கார்.”

பதிலுக்கு நிற்காமல் உள்ளே போய்க் குவளையில் சீனியை அள்ளிக் கரைத்துக்கொண்டு வந்தாள். ரசாக் அவள் கையைப் பிடித்தார். பொழுது சாயாமல் நோன்பாளி வாயில் தண்ணீர் படுவதா? அதுவும் சீனித் தண்ணீர்.

“ஒடம்பு பூரா சீனின்னுதானே டாக்டர் சொன்னான்? அதையே ஊத்துறியே, புருஷனைக் கொல்லப் பாக்குறியா?”

“நீங்கதான் கொல்றீங்க. கையை விடுங்க.”

அவர் விடவில்லை. பாதித் தண்ணீர் தரையில் கொட்டியது. ஜபருல்லாவின் கண் மேலே செருகியது. நாற்காலியிலிருந்து வழுக்கிக் கீழே விழுந்தான். சலேஹா குனிந்து தகப்பன் மணிக்கட்டைக் கடித்தாள். பல் ஆழமாகப் பதிந்தது. அவர் கையை உதறிய நொடியில் அவள் தரையில் உட்கார்ந்து, குவளையின் அடியில் கரையாமல் கிடந்த சீனியை விரலால் வழித்துப் புருஷன் கன்னத்துக்குள் தேய்த்தாள். மறுபடி மறுபடி தேய்த்தாள். அவன் நாக்கு அசைந்தது. விழுங்கத் தொடங்கியதும், மிஞ்சிய தண்ணீரைக் கொஞ்சம் கொஞ்சமாகப் புகட்டினாள்.

மெல்ல வேர்வை அடங்கியது, பார்வை நிலைக்கு வந்தது. மாமனாரைக் கண்டதும் பதறிக் கைலியைச் சரிசெய்தான்.

“மாமா, எப்ப வந்தீங்க? நான் நோன்பாத்தான் இருக்கேன் மாமா.”

“வாயில ஒட்டியிருக்கிறதைத் தொடைச்சிட்டுச் சொல்லு,” என்றார் ரசாக். பிறகு மகளைப் பார்த்துப் பெட்டியைக் கட்டச் சொன்னார்.

சலேஹா எழுந்திருக்கவில்லை.

“நான் வரலை. நாளையிலேருந்து ஊசி போட்டதும் இவர் வாசல்லயே உக்காந்து சாப்பிடுவார். நான்தான் பரிமாறுவேன். பாக்க வேணாம்னா இந்தப் பக்கம் வராதீங்க வாப்பா.”

“அபின் மயக்கம்னா சீனியில தெளியுமா தண்டல்?” என்றாள் ஆசியா பீவி ஜன்னலில் இருந்து.

“சீனியைக் கண்டதும் எந்திரிச்சிட்டான் பாத்தியா? பசி. வெறும் பசி. எனக்குந்தான் பசிக்குது, நான் என்ன உருண்டா விழுந்துட்டேன்?”

மகள் முதுகைக் காட்டிக்கொண்டு புருஷனுக்குச் சோற்றைப் பிசையத் தொடங்கியிருந்தாள். ரசாக் செருப்பை மாட்டிக்கொண்டு வெயிலில் இறங்கினார். சீனியால் வந்த வியாதி சீனியால் தீருமாம்! துறைமுகத்தில் எந்தக் கூலியிடம் சொன்னாலும் காறித் துப்புவான். டாக்டரும் மகளும் மருமகனும் சேர்ந்து தன்னை முட்டாளாக்கப் பார்க்கிறார்கள் என்று முணுமுணுத்துக்கொண்டே, திரும்பிப் பார்க்காமல் பள்ளிவாசல் பக்கம் நடந்தார்.