ராத்திரி கரைக்கு வரும் ராஜ்ஜியம்

2025 ஏப்ரல் 14 நள்ளிரவில் தமிழகத்தின் கிழக்குக் கடற்கரையில் விசைப்படகுகளுக்கான மீன்பிடித் தடைக்காலம் தொடங்கியது. தூத்துக்குடி மீன்பிடித் துறைமுகத்தில் படகுகள் ஒன்றையொன்று ஒட்டிக் கட்டப்பட்டன.

அவற்றில் ஒன்றுக்குப் பெயர் இல்லை. கைமாறி வந்த படகு. பழைய பெயரைச் சுரண்டி எடுத்து, நீலம் பூசி, புதுப் பெயருக்காக முகப்பில் இடம் விட்டிருந்தார் பெயிண்டர் பாண்டியராஜன். படகில் பாதி ஜெர்சனுக்கு, பாதி மகாராஜனுக்கு. ஜெர்சன் இனிகோ நகர்க்காரன், படகோட்டி. மகாராஜன் உடன்குடியிலிருந்து வந்து, துறைமுகத்துக்குப் போகிற ரோட்டில் முத்துமாலை ஸ்டோர் என்று பலசரக்குக் கடை நடத்துகிறவர். கடலில் கால் நனைத்ததுகூட இல்லை; ஆனால் கடலுக்குப் போகிற அரிசியும் பருப்பும் பாதிக்கு மேல் அவர் கடையிலிருந்துதான் போகும்.

படகுக்கு முத்துமாலை ஸ்டோர் என்று பெயர் வைக்கவேண்டும் என்றார் மகாராஜன். அவர் கணக்கில் அது தண்ணீரில் போகிற விளம்பரப் பலகை. ஜெர்சனுக்கோ வேறு வழியே கிடையாது. பிப்ரவரியில் கல்யாண நாளை மறந்துவிட்டு வெறுங்கையோடு வீட்டுக்குப் போனவன், வாசலில் நின்ற மரியசெல்வியின் முகத்தைப் பார்த்ததும், "ஒரு படகுக்கே உம்பேர வைக்கப் போறேன், அதுக்கு மேல என்னத்த வாங்கிட்டு வர?" என்று சொல்லிவிட்டான். அப்போது படகே வாங்கியிருக்கவில்லை. மரியசெல்வி அன்றைக்கே பிறந்த ஊரான புன்னைக்காயலுக்குப் போன் போட்டாள். அவளுடைய தங்கை விஜிலா, "ரெண்டு பக்கமும் எழுதுவாவளா, ஒரு பக்கமாக்கா?" என்று கேட்டாள். ரெண்டு பக்கமும்தான் என்று பதில் போயிற்று. படகை மந்திரிக்கப் பங்குச் சாமியாரிடமும் சொல்லியாகிவிட்டது.

ரெண்டு பெயரையும் எழுதலாமே என்றார் பாண்டியராஜன். எது முதலில் என்று ஒரு வாரம் பேச்சு நடந்தது. பிறகு அவர் தூரிகையைக் கழுவி வைத்துவிட்டு, முடிவானால் கூப்பிடுங்கள் என்று போய்விட்டார்.

முடிவு பண்ண வழி சொன்னது மகாராஜனின் மகள் ரம்யா. பெங்களூர் கம்பெனி வேலையை வீட்டிலிருந்தே பார்க்கிற பெண். அவளுடைய லேப்டாப்பில் ஒரு விளையாட்டு உண்டு. ஆளுக்கு ஒரு குடிக்கூட்டத்தையும் ஒரு காவல்காரனையும் கையில் கொடுத்து வெறும் நிலத்தில் இறக்கிவிடுவார்கள். ஊர் கட்டவேண்டும், கப்பல் விடவேண்டும், ஒவ்வொன்றாகக் கண்டுபிடிக்கவேண்டும். சக்கரத்தில் ஆரம்பித்து ராக்கெட்டில் முடியும். யார் முதலில் ராக்கெட் விடுகிறார்களோ அவர்களுக்கு வெற்றி. ஒருவர் தன் டர்ன் முடிந்ததும் லேப்டாப்பை அடுத்தவர் பக்கம் திருப்பி வைப்பார்.

"ராக்கெட்டா? அது எங்க பக்கத்து விஷயம்லா," என்றார் மகாராஜன். உடன்குடிக்குப் பக்கத்தில் குலசேகரப்பட்டினத்தில் ஏவுதளம் கட்டும் வேலை நடக்கிறது. அதில் தனக்கும் ஒரு பங்கு இருப்பதாகவே அவர் நடந்துகொள்வார். "சரி, டிரைவரே. ஜெயிக்கவன் வைக்கதுதான் பேரு. பொறவு பேச்சு மாறப்படாது."

ஜெர்சன் ஒத்துக்கொண்டான். வீட்டில் மட்டும் சொல்லவில்லை.

ஆட்டம் கடைக்குப் பின்னாலிருந்த அறையில், சீனி மூட்டைகளுக்கு நடுவில் ஆரம்பமாயிற்று. மகாராஜன் தன் முதல் ஊருக்கு உடன்குடி என்று பெயர் வைத்தார். அடுத்து கட்டிய ஊருக்கு உடன்குடி கிளை ஒன்று. அதற்கடுத்தது உடன்குடி கிளை ரெண்டு. எந்த ஊரிலும் முதலில் கட்டியது சந்தை, அப்புறம் சரக்கு அடுக்கிவைக்கிற கிட்டங்கி.

"அப்பா, ஜனங்களுக்குக் கிணறு வேணும்னு காட்டுது."

"சந்தைக்கு வாரவன் தண்ணி கொண்டுட்டு வருவாம்லா. நீ அடுத்தத அமுக்கு."

ஜெர்சனின் ஊர் கடலோரத்தில் அமைந்தது. பக்கத்துக் கடலிலேயே முத்து மின்னியது. அங்கே கட்டிய முதல் கப்பலை அவன் கிழக்கே விட்டான். நாலு கட்டம் போயிற்று. பிறகு நிறுத்தி, யோசித்து, திருப்பிக்கொண்டு வந்து துறையில் கட்டினான். அடுத்த டர்னில் வடக்கே போய்த் திரும்பி வந்தான். அதற்கடுத்த டர்னில் தெற்கே.

ரம்யா பொறுத்துப் பார்த்தாள். "மாமா, ஏன் ஒவ்வொரு தடவையும் திரும்ப வாரீங்க? அப்படியே போனாத்தான புது நாடு கண்டுபிடிக்க முடியும்?"

"ராத்திரி எங்கன தங்க?"

"கடல்லதான்."

"கடல்ல தங்கப்படாதுல்லா," என்றான் ஜெர்சன். தூத்துக்குடி விசைப்படகுக்கு அதுதான் சட்டம். காலை ஐந்து மணிக்குப் போனால் இரவு ஒன்பதுக்குள் துறைமுகத்தில் இருக்கவேண்டும்; தவறினால் கடலுக்குப் போக மீன்வளத் துறை தருகிற டோக்கன் ரத்தாகும். இருபது வருஷமாக அப்படியே போய் அப்படியே வந்தவன். டர்ன் முடிகிற நேரத்தில் கப்பல் நடுக்கடலில் நின்றால் அவன் கை தானாகவே அதைக் கரைக்குத் திருப்பியது.

மகாராஜன் சிரித்ததில் ஒரு சீனி மூட்டை சரிந்தது. "டிரைவரே, கம்ப்யூட்டர் கடல்ல உமக்கு யாரு டோக்கன கேன்சல் பண்ணப் போறான்?"

"சட்டம்னா சட்டம் அண்ணாச்சி."

எல்லாக் கப்பலையும் எண்ணிப் பார்த்துக் கரைக்குக் கொண்டுவருவதற்குள் நேரம் ஆகும். மகாராஜன் கொட்டாவி விட்டுக்கொண்டிருந்தார். கடைசியில் ஒரு விதி கொண்டுவந்தார்: ஒரு கிளாஸ் டீ குடித்து முடிப்பதற்குள் டர்னை முடிக்கவேண்டும், கிளாஸ் காலியானால் ஆட்டம் அடுத்தவருக்கு. மறுநாளே ஜெர்சன் கப்பலைத் திருப்புகிற அவசரத்தில் முழங்கை பட்டு டீயைக் கொட்டிவிட்டான். ஒரு வாய்கூடக் குடிக்கவில்லை.

"டர்ன் போச்சு," என்றார் மகாராஜன்.

"கொட்டிட்டுல்லா அண்ணாச்சி, குடிக்கலையே."

"கிளாஸ் காலியாயிட்டா இல்லையா? எப்படிக் காலியானா என்ன? ரம்யா, இத நல்லா ஞாபகம் வச்சுக்க."

ரம்யா ஞாபகம் வைத்துக்கொண்டாள்.

மே மாதம் பிறந்தபோது மகாராஜனுக்குப் பதினோரு கிளைகள். ஜெர்சனுக்கு ஒரே ஊர்; கரை நிறைய கப்பல். இதற்கிடையில் விஷயம் மரியசெல்வியின் காதுக்குப் போய்விட்டது. சீரகம் வாங்க வந்தவள் நேராகப் பின்னறைக்கு வந்து நின்றாள். மகாராஜனின் மனைவி முத்துக்கனி நாற்காலி எடுத்துப் போட்டாள். மரியசெல்வி உட்காரவில்லை.

"எம்பேர வச்சு வெளையாடுதியளோ?"

ஜெர்சன் ஸ்கிரீனை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை. "ஜெயிச்சிருவேம்லா."

"எத்தன ஊரு இருக்கு?"

"ஒண்ணு."

"அண்ணாச்சிக்கு?"

மகாராஜன் அடக்கமாக விரல்களை விரித்துக் காட்டினார். விரல் போதவில்லை.

ரம்யா எல்லாவற்றையும் விளக்கிச் சொன்னாள். கப்பல் திரும்பி வருகிற கதையைக் கேட்டதும் மரியசெல்வி சிரிப்பாள் என்று மகாராஜன் எதிர்பார்த்தார். அவள் சிரிக்கவில்லை. மீனவர் வீட்டுப் பெண். இரவு ஒன்பது மணி ஆனால் துறைமுகத்தின் பக்கம் பார்க்கிறவள்.

"வந்துதான் ஆவணும், சரி. இதே ஊருக்குத்தான் வரணும்னு எந்தச் சட்டத்துல இருக்கு?" என்றாள். "ஒரு நாள்ல எவ்வளவு தூரம் போவுதோ அங்கன ஒரு ஊரக் கட்டுங்க. ராத்திரி அங்கன தங்கட்டும். மக்யா நாள் அங்கயிருந்து போவட்டும்."

மகாராஜன் தன் டீயைக் குடித்து முடித்துவிட்டார், தன் டர்ன் இல்லை என்பதையும் மறந்து.

அன்றிலிருந்து ஜெர்சனின் ராஜ்ஜியம் கரையோரமாகவே நகர்ந்தது. ஒரு நாள் ஓட்டத்துக்கு ஒரு துறை, ஒவ்வொரு துறைக்கும் ஒரு ஊர். தீவுகளிலும் ஊர் வந்தது. நடுக்கடலில் திரிந்த கொள்ளைக்காரர்கள் மகாராஜனின் சரக்குக் கப்பல்களை மாறி மாறிப் பிடித்தார்கள். ஜெர்சனின் கப்பல் ஒன்றுகூட மாட்டவில்லை. கொள்ளைக்காரன் வரும்போது அவை எப்போதும் துறைக்குள் இருந்தன.

பெயர் வைக்கிற பொறுப்பை மரியசெல்வி எடுத்துக்கொண்டாள். புதிதாகக் கட்டிய முதல் ஊருக்கு அண்ணன் சிலுவையின் பெயர், அடுத்ததற்கு அவர் மகன் கிளைட்டன் பெயர். பிறகு சித்தப்பா ஞானதீபம், மதினி சுஜிதா என்று குடும்பம் முழுக்கக் கரையேறியது. கோயில் கட்டலாமா என்று ஜெர்சன் கேட்டபோதெல்லாம், "மொத பள்ளிக்கூடத்தக் கட்டுங்க, கோயில அதுக்குப் பக்கத்துல கட்டிக்கிடலாம்," என்றாள். பள்ளிக்கூடங்கள் பெருகப் பெருக ஆட்டத்தில் கண்டுபிடிப்புகள் விழ ஆரம்பித்தன. அச்சு வந்தது, நீராவி வந்தது, மின்சாரம் வந்தது. மகாராஜன் இன்னும் மாட்டு வண்டியில் பருத்தி ஏற்றிக்கொண்டிருந்தார்.

ஒரே ஒரு சங்கடம். விஜிலா என்கிற ஊர் பாலைவனத்தின் ஓரத்தில் அமைந்துவிட்டது. கப்பல் அதற்கு மேல் போகாது; வேறு இடமில்லை. சேதி புன்னைக்காயலுக்குப் போய், விஜிலா போனில் அழைத்தாள். "சிலுவ அண்ணனுக்கு ஆறு, நமக்கு மணலாக்கா?" ஜெர்சன் மூன்று டர்ன் செலவழித்து அங்கே ஒரு வாய்க்கால் வெட்டினான். அதற்குப் பிறகுதான் அவள் சமாதானமானாள்.

மகாராஜன் மண்டை வேறு மாதிரி வேலை செய்தது. கிட்டங்கிகளில் குவித்து வைத்திருந்ததை எல்லாம் விற்றார். கண்டுபிடிக்க முடியாததை, கம்ப்யூட்டர் ஆடுகிற மற்ற நாடுகளிடமிருந்து மொத்தமாக வாங்கினார். ஜூன் முதல் வாரத்தில் ரம்யா பார்த்துச் சொன்னாள்: இரண்டு பேரும் ராக்கெட்டின் கடைசிப் பாகத்தில் நிற்கிறார்கள்.

ஜூன் ஆறு, வெள்ளிக்கிழமை. காலை பத்தரை தாண்டியிருந்தது. ஜெர்சனின் டர்ன். ராக்கெட் தயார் என்று ஸ்கிரீன் சொன்னது. சிலுவை ஊரின் கடலோரத்தில் வெள்ளையாக நின்றது. அமுக்க வேண்டியது ஒரே ஒரு பொத்தான்.

ஜெர்சன் கையை எடுத்துவிட்டான்.

"என்னாச்சு மாமா?"

"இந்த டர்ன்ல விட்ட மூணு மீன்பிடிப் படகு கிழக்க நிக்கு."

"நிக்கட்டுமே."

"ராக்கெட் விடுதப்ப கடலுக்குப் போவப்படாதுன்னு நமக்கு அறிவிப்புப் போடுவாம்லா? மேல போறதுலயிருந்து கழண்டு விழும். படகுல ஆளு இருக்கான்."

"மாமா, இந்த கேம்ல அப்படி எதுவும் விழாது."

"விழாதுன்னு நீ எழுதித் தருவியா?"

மரியசெல்வி மார்க்கெட்டுக்குப் போயிருந்தாள். இருந்திருந்தால் என்ன சொல்லியிருப்பாள் என்று ஜெர்சன் யோசித்தான். பெயரா, படகா? ஒன்பது மணிக்குத் துறைமுகத்தைப் பார்க்கிறவள் படகு என்றுதான் சொல்வாள் என்று தோன்றியது. அப்படித் தோன்றினாலும் இன்னொரு தடவை பொத்தானைப் பார்த்துக்கொண்டான். மூன்று படகையும் ஒவ்வொன்றாகத் துறைக்குள் கொண்டுவந்தான். எந்தப் படகும் ஒரு நாள் தூரத்துக்கு மேல் போயிருக்காததால் ஒரே டர்னில் எல்லாம் வந்து சேர்ந்தன. டீயும் தீர்ந்தது. லேப்டாப்பைத் திருப்பி வைத்தான்.

மகாராஜன் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டார். அவருடைய ராக்கெட்டும் தயார். உடன்குடி கிளை ஏழில், கடலைப் பார்த்து. புது டீ வந்து ஆவி பறந்தது. அவர் விரல் பொத்தான்மேல் போயிற்று. சுவரிலிருந்த காலண்டரைப் பார்த்தார். விரல் திரும்பி வந்தது.

"மணி என்ன?"

"பதினொண்ணு பத்துப்பா."

"ராகு காலம்," என்றார் மகாராஜன். வெள்ளிக்கிழமை பத்தரையிலிருந்து பன்னிரண்டு. கடையில் ஒரு தராசு மாற்றுவதற்கே நேரம் பார்க்கிறவர். "பன்னெண்டு அடிக்கட்டும், அமுக்கிருதேன்."

"டீ ஆறுது அண்ணாச்சி," என்றான் ஜெர்சன்.

"ஆறட்டும். குடிச்சு முடிச்சாத்தான டர்ன் போவும்? நான் மெதுவா குடிப்பேன்."

அவர் உதடு நனைகிற அளவுக்குக் குடித்தார். பிறகு கிளாஸைக் கீழே வைத்து, கடலை மாவு விலை பற்றிப் பேசினார். மீண்டும் உதட்டை நனைத்தார். பதினொன்றரைக்குக் கிளாஸில் முக்கால்வாசி அப்படியே இருந்தது. மேலே ஆடை கட்டியது. ஜெர்சன் ஆடையையே பார்த்துக்கொண்டிருந்தான். புன்னைக்காயலில் என்ன சொல்வது என்று மனசுக்குள் ஒவ்வொரு வாக்கியமாக அமைத்துப் பார்த்தான். எதுவும் சரியாக வரவில்லை.

பதினொன்றே முக்காலுக்கு மகாராஜன் வாசலில் வந்த ஒரு ஆளுக்குப் பதில் சொல்லத் தலையைத் திருப்பினார். உள்ளேயிருந்து முத்துக்கனி வந்தாள். ஆட்டத்தைப் பற்றி அவளுக்கு ஒன்றும் தெரியாது, தெரிந்துகொள்ளவும் ஆசைப்பட்டதில்லை. கிளாஸைத் தொட்டுப் பார்த்தாள்.

"பச்சத் தண்ணியா கெடக்கு. இத எப்படிக் குடிக்கிய? வேற போட்டுத் தாரேன்," என்று எடுத்துப்போய் முற்றத்துத் துளசி மாடத்துக்குப் பக்கத்துச் சாக்கடையில் ஊற்றினாள்.

மகாராஜன் திரும்பிப் பார்த்தபோது அவள் கையில் கிளாஸ் கவிழ்ந்திருந்தது.

"அது நான் குடிக்கல," என்றார்.

"கிளாஸ் காலியாயிட்டுப்பா," என்றாள் ரம்யா.

"உங்கம்மை ஊத்திட்டால்லா."

"எப்படிக் காலியானா என்னன்னு நீங்கதான சொன்னீங்க? நல்லா ஞாபகம் வச்சுக்கச் சொன்னீங்களே."

மகாராஜன் மகளைப் பார்த்தார், மனைவியைப் பார்த்தார், காலண்டரைப் பார்த்தார். பேச்சு மாறுகிற ஆள் இல்லை. லேப்டாப்பைத் தன் கையாலேயே திருப்பி வைத்தார்.

ஜெர்சன் ஒரு தடவை கடலைச் சரிபார்த்தான். எல்லாம் துறைக்குள் இருந்தது. சிலுவைக் குறி போட்டுக்கொண்டு பொத்தானை அமுக்கினான். ராக்கெட் மேலே போயிற்று. ஒன்றும் கழன்று விழவில்லை.

"ராகு காலத்துல விட்டிருக்கீரு. போய்ச் சேருதான்னு பாப்போம்," என்றார் மகாராஜன்.

போய்ச் சேர்ந்தது. முத்துக்கனி புது டீ கொண்டுவந்தாள். மகாராஜன் அதை ஒரே மூச்சில் குடித்துவிட்டு, பாண்டியராஜனுக்குப் போன் போட்டார். ஐஸ் பெட்டியின் பக்கவாட்டில் கடைப் பெயரை எழுதிக்கொள்ளலாமா என்று கேட்டார். எழுதிக்கொள்ளுங்கள் அண்ணாச்சி என்றான் ஜெர்சன்.

தடைக்காலம் ஜூன் 14 நள்ளிரவோடு முடிந்தது. மறுநாள் ஞாயிற்றுக்கிழமை என்பதால் கடலுக்குப் போகவில்லை. ஜூன் 16, திங்கட்கிழமை காலை ஐந்து மணிக்கு மரியசெல்வி என்ற படகு தூத்துக்குடி மீன்பிடித் துறைமுகத்திலிருந்து புறப்பட்டது. இரவு எட்டே முக்காலுக்குத் திரும்பியது.