மணி திரும்ப ஒலித்த காலை

மகள் ஜெசிந்தா மருதமுனை முஸ்லிம் நெசவுக்காரர் ஒருவரைக் கலியாணம் கட்டிய நாளில், அவள் பெயர் இனி இந்த வீட்டில் ஒலிக்கக் கூடாதென்று கஸ்பார் ஆணையிட்டார். ஒலிக்கவும் இல்லை.

இந்த ஆண்டும் பெரிய வியாழனோடு, இயேசுவின் பாடுகளை நினைந்து, கல்முனைத் தேவாலய மணி வழக்கம்போல ஊமையானது. மணிக்குப் பதிலாக மரத்தட்டை மட்டும் சடசடத்தது. உயிர்ப்பு ஞாயிறு விடிய மணி முழங்கியபோது, ஆயுள் முழுக்கக் கேட்ட ஓசை அன்றுதான் அவருக்குத் தேனாய் இனித்தது. ஆண்டவரும் கல்லறையின் மௌனத்துக்குப் பிறகல்லவா அல்லேலூயாவைத் தந்தார். மகளின் குரலையும் அப்படிக் கேட்க வேண்டும் போலிருந்தது.

மனைவியிடம் போனார். "திரேசா, புள்ளைட நம்பரைத் தா."

"எந்தப் புள்ளைட?"

"ஜெசிந்தாட."

"அந்தப் பேருல நமக்கு ஆருமில்ல, அழி எண்டு சொன்னது நீங்கதானே. ஓம், அழிச்சிட்டன். அவளும் புருசனோட கட்டாருக்குப் போயிட்டாளாம். எங்கயெண்டு ஆருக்குத் தெரியும்?"

கஸ்பார் கையிலெடுத்த கைப்பேசியைச் சட்டைப் பைக்குள் திரும்ப வைத்தார். மணி ஓய்ந்துவிட்டிருந்தது.