கழுவாத உடுப்பு

...அந்தச் சுவெற்றர் இங்கேதானே இருந்தது, நீலப் பாவாடைக்கு மேலே, கைகள் இரண்டையும் நெஞ்சில் மடித்துவைத்தாற்போல் அவள் யோசப்பின்தானே வைத்தாள், பைக்குள் அடுக்குமுன் எல்லாவற்றையும் ஒருமுறை கட்டிலில் பரப்பிப் பார்ப்போம் என்று நினைத்தது பிழையாய்ப் போயிற்று, பரப்பிய உடுப்புகள் தம்பாட்டில் ஓர் ஆளின் உருவத்தில் விழுந்துவிட்டன, தலைமாட்டில் கம்பளித் துண்டு, கால்மாட்டில் காலுறைகள், நடுவில் ஒருவரும் இல்லை... அதைப் பார்த்துக்கொண்டு நிற்கப் பிடிக்காமல்தான் தண்ணீர் குடிக்கக் குசினிக்குப் போனாள், திரும்பி வந்தால் படுத்திருந்த ஆளின் நெஞ்சைக் காணவில்லை. யார் வந்தது? வீட்டில் அவளும் அம்மாவும்தான். அம்மா கிணற்றடியில் துணி துவைக்கிற சத்தம் கேட்டுக்கொண்டேதான் இருந்தது... இருந்ததா? இப்போது கேட்கவில்லை. மத்தியான வெயிலில் குருநகர் முழுவதும் மூச்சைப் பிடித்துக்கொண்டு கிடக்கிறது, வானத்தில் குண்டுபோடுகிற பொம்மரும் இல்லை, அது இல்லாத நேரங்களில்தான் காது இன்னும் கூர்மையாகிவிடுகிறது.

சுவெற்றர் இல்லாமல் எப்படிப் போவது? இன்று பொழுதுபட்டதும் மாமாவின் சைக்கிளில் கிளாலிக்கு, இருட்டினதும் வள்ளத்தில் ஆழமில்லாத களப்பைத் தாண்டி அக்கரைக்கு, நேவி சுடாவிட்டால், பிறகு வவுனியா, கொழும்பு, பிளேன்... அங்கே சூரிச்சில் வின்சன்ற் அண்ணை இருக்கிறான், அவனோடு ஒரே சாப்பாட்டுக்கடையில் வேலை செய்யும் மரியரட்ணத்துக்குத்தான் அவளைக் கலியாணம் பேசியிருக்கிறது. போன மாதம் அண்ணை பேசி அனுப்பிய கசற்றைப் போட்டுக் கேட்டார்கள், கரண்ட் ஏது, நீக்கிலாப்பிள்ளை மாமா சைக்கிளைக் கவிழ்த்துவைத்துப் பெடலைக் கையால் சுழற்ற, டைனமோவில்தான் ரேடியோ பாடியது. “அம்மா, இஞ்சை இலையெல்லாம் சிவத்துப்போச்சு, ஏரிக்கரையிலை நிண்டால் காத்து ஊசி மாதிரிக் குத்துது, தங்கச்சிக்குத் தடிச்ச உடுப்பாய்க் குடுத்துவிடுங்கோ...” மாமாவின் கை சோர, அண்ணையின் குரலும் சோர்ந்தது, தடித்தது, இழுபட்டது, ஆழத்தில் தண்ணீருக்குள்ளிருந்து யாரோ வாய் திறக்கிறாற்போல... மாமா பதறிப்போய் வேகமாகச் சுற்றினார், குரல் மேலே வந்தது. ஆனால் அம்மா எழும்பிவிட்டா. “உது என்ரை பிள்ளையின்ரை குரல் இல்லை” என்றா. மாமா சிரித்தார், “அக்கா, உவனுக்கு அங்கை தடிமன் பிடிச்சிருக்கும்.” அம்மா சிரிக்கவில்லை.

இலையுதிர்காலம்... அது புத்தகத்தில் மட்டும் வருகிற காலம் என்றுதான் அவள் நினைத்திருந்தாள், மடத்துச் சிஸ்டரிடம் இரவல் வாங்கிய, முன்னட்டை போன மொழிபெயர்ப்பு நாவல்களில், நீளப்பெயர்க்காரிகள் ஏரிக்கரையில் விரல் விறைத்துப்போய் நிற்பார்கள், ஒரு சொல்லும் சொல்லாமல் பிரிந்து போவார்கள். விறைப்பது என்றால் எப்படி இருக்கும்? பங்குக் கோவிலில் பிரித்த பழைய உடுப்பு மூட்டையிலிருந்து அந்தத் தென்னங்குரும்பட்டி நிறச் சுவெற்றர் கிடைத்த நாளிலிருந்து, பழகிக்கொள்ளலாமே என்று அவள் அதைப் போட்டுக்கொண்டுதான் திரிந்தாள், இந்த வெக்கையில், முதுகில் வேர்வை வழிய வழிய. பக்கத்து வீட்டு மார்கிரட் வேலிக்கு மேலால் எட்டிப் பார்த்து, “என்னடி, உனக்கு இஞ்சையிருந்தே குளிருதோ? அங்கை போய்ச் சேரமுன்னம் அவிஞ்சு போவாய்” என்றாள். அவள் கேட்கவில்லை. அதைக் கழற்றி முகர்ந்தபோது ஒரு மணமும் வரவில்லை, சுத்தமாய்த்தான் இருக்கிறது, கழுவத் தேவையில்லை என்று அப்படியே கட்டிலில் வைத்தாள்... கழுவவில்லை. கழுவாத உடுப்பு. கடவுளே.

யார் எடுத்தது என்று இப்போது தெரிந்துவிட்டது. அப்பா கனிசியஸ் கடலுக்குப் போகிற பின்னேரங்களில் கழற்றிப் போட்ட சேட்டை அம்மா தொடமாட்டா, காலையில் வள்ளம் கரைக்கு வந்தது என்று கண்டபிறகுதான் கிணற்றடிக்குக் கொண்டுபோவா, கடலுக்குப் போனவனின் கழுவாத உடுப்பு ஒன்று வீட்டில் கிடக்க வேண்டும், உடம்பு வராவிட்டாலும் பெட்டிக்குள் வைப்பதற்கு அவன் மணமாவது வேண்டும் என்பது அந்தத் தெருவில் எல்லோருக்கும் தெரிந்த காரியம், யாரும் வாய்விட்டுச் சொல்வதில்லை. அப்பா வராத அந்த முறை, சவப்பெட்டிக்குள் கோடு போட்ட சேட்டு மட்டும்தான் இருந்தது, சின்னப்பிள்ளையானாலும் அவள் அதைக் கண்டாள். ஆனால் தூக்கிப் போனவர்கள் ஒரு பக்கம் சாய்ந்து சாய்ந்து, காலை இழுத்து, மெதுவாக நடந்தார்கள், முன்னால் பிடித்த நீக்கிலாப்பிள்ளை மாமா கோவில் வாசலில் தோள் மாற்றினார். ஒரு சேட்டுக்கு ஏன் தோள் மாற்ற வேண்டும்? அன்றைக்குக் கேட்க நினைத்தாள், கேட்கவில்லை.

அடுத்த அறையில் தகர றங்குப்பெட்டி திறந்து கிடந்தது, அம்மா அதன் முன்னால் முழங்காலில், ஈரக்கையை உடுப்பில் படாமல் தூக்கிப் பிடித்துக்கொண்டு. சுவெற்றர் உள்ளே இருந்தது. “அம்மா, உது எனக்கு வேணும்.” “அங்கை கொண்ணன் வேறை வாங்கித் தருவான்” என்றா அம்மா திரும்பாமல், “எனக்கு ஆர் வாங்கித் தாறது?” “நான் கடலுக்கே போறன்? களப்புத்தானேயம்மா, விடியமுன்னம் அக்கரை” என்றாள் யோசப்பின். “தண்ணிதானே பிள்ளை.” பெட்டிக்குள் கையை விட்டுக் குனிந்தபோது சுவெற்றருக்குக் கீழே ஒரு மஞ்சள் பெனியன் தெரிந்தது, வின்சன்ற் அண்ணையினுடையது, இராமேஸ்வரத்துக்கு வள்ளம் ஏறின அன்று கழற்றிப் போட்டது... அண்ணை உயிரோடு இருக்கிறானே, குசினியில் கோப்பை கழுவுகிறான், கசற்றில் பேசுகிறான், இது ஏன் இன்னும் கழுவாமல்? “அண்ணைதான் போய்ச் சேந்திட்டானே?” “போய்ச் சேந்திட்டான்” என்றா அம்மா, “திரும்பி வரேல்லையே.” பெனியனை எடுத்து முகர்ந்தா, கண்ணை மூடினா, “கிடக்கு, இன்னும் கிடக்கு.” யோசப்பினும் வாங்கி முகர்ந்தாள், தகரமும் பூச்சிமருந்து உருண்டையும்தான் மணத்தன, அண்ணை இல்லை. பிறகு, வேண்டாம் என்று நினைத்துக்கொண்டே, தன் சுவெற்றரை எடுத்து முகர்ந்தாள். ஒன்றும் இல்லை. தன் மணம் தனக்குத் தெரியாது என்பதாலா, அல்லது... அம்மா அதை அவள் கையிலிருந்து இழுக்கவில்லை, காத்திருந்தா, குளிருக்குப் பயந்து அதைப் பையில் வைத்தால் அம்மாவுக்குத் தன் மணமென்று இந்தப் பெட்டியில் ஒன்றும் மிஞ்சாது, விட்டுவிட்டுப் போனால் இப்போதே செத்தவள்போல இங்கே கிடக்க வேண்டியதுதான். அவள் சுவெற்றரின் கைகளை நெஞ்சின்மேல் மடித்து, பெனியனுக்கு மேலே திருப்பி வைத்தாள். அம்மா மூடியைச் சாத்தினா.

மற்றவை பைக்குள் சுலபமாக அடங்கின, அரைவாசி வெறுமையாகவே இருந்தது, ஒரு விரலால் தூக்கலாம், தூக்கியும் பார்த்தாள். வெயில் இறங்கும்போது படலையில் சைக்கிள் மணி கேட்டது, “எங்கை, சுவிஸ்காரி வெளிக்கிட்டிட்டாவோ?” என்று நீக்கிலாப்பிள்ளை மாமா சத்தம் போட்டுக்கொண்டு வந்தார், அம்மாவின் முகத்தைக் கண்டதும் பகிடியை விட்டுவிட்டார், பையைத் தூக்கினார். அம்மா வாசலோடு நின்றுவிட்டா. யோசப்பின் மாமாவுக்குப் பின்னால் நடந்தாள், ஏன் இவ்வளவு மெதுவாகப் போகிறார், ஏன் ஒரு பக்கம் சாய்கிறார், அதற்குள் ஒன்றும் இல்லையே, இந்த நடையை எங்கே பார்த்தேன்... படலைக்குக் கிட்டே வந்ததும் மாமா நின்று, மூச்சு வாங்கி, பையை மற்றக் கைக்கு மாற்றினார்.