நகல் எட்டு இடங்களுக்கு

'தினமும் 10 பேர்' என்று அடித்துவிட்டு அமீருதீன் விரலை எடுத்தார். யோசித்தார். திரும்பிப் போய் ஒரு சைபரைத் தட்டினார்.

தினமும் 100 பேர்.

அவர் வழக்கம் அது. இரும்புலியூரில் ஜி.எஸ்.டி. ரோட்டை ஒட்டி ஜாப் டைப்பிங், ஜெராக்ஸ் கடை. இருபது வருடமாக அந்தப் பக்கத்து மனுக்கள் எல்லாம் அவர் விரல் வழியாகத்தான் அரசாங்கத்துக்குப் போகின்றன. மூன்று பேரை நாய் கடித்தால் முப்பது பேர் என்று அடிப்பார். நாற்பது குடும்பத்துக்குத் தண்ணீர் இல்லையென்றால் நானூறு. நாய் வண்டி வந்தது. தண்ணீர் லாரியும் வந்தது. உள்ளதை உள்ளபடி எழுதிய மனுவுக்கு எந்த ஆபீஸில் எவன் நாற்காலியை விட்டு எழுந்திருக்கிறான்?

இந்த மனு பவுடரைப் பற்றியது. ரயில்வே லைன் ஓரத்தில், துளசிங்கத்தின் தண்ணீர் பாக்கெட் கடைக்குப் பின்னால், ஈயத்தாளில் மடித்து பிரவுன் சுகர் விற்கிறார்கள். துளசிங்கத்தின் பெயரை எழுதினால் மறுநாள் கடைக் கண்ணாடி இருக்காது. அதனால் 'உள்ளூர் வாலிபர்களைக் கொண்ட சமூக விரோதக் கும்பல்' என்று பொதுவாக அடித்தார். 'பள்ளி மாணவர்களுக்கும்' என்று ஒரு வார்த்தை சேர்த்தார். கடைசியில் 'நகல்' என்று போட்டு, கலெக்டரில் ஆரம்பித்து எட்டு விலாசங்கள்.

பாய் ஊருக்காக எழுதுகிறார் என்றது ஊர். உண்மைக் காரணம் அவர் வீட்டில், மே மாத வெயிலில், போர்வைக்குள் சுருண்டு கிடந்தது.

அஃப்தாப். ஒரே மகன். வயது இருபத்திரண்டு. ஏ.சி. மெக்கானிக். எட்டு மாதமாகப் பவுடர்.

சாப்பாட்டுக் கூடையோடு வந்த ஷம்சாத், கணவரின் தோளுக்கு மேலாக மானிட்டரைப் படித்தாள்.

"டாக்டர் என்ன சொன்னார், நீங்க என்ன பண்றீங்க?"

போதை சிகிச்சை மையத்து டாக்டர் தெளிவாகத்தான் சொல்லியிருந்தார். 'இது சீக்கு பாய், சேட்டை இல்ல. மூணு வாரம் உள்ள வெச்சுப் பாக்கணும். அவனே கையெழுத்துப் போட்டுச் சேரட்டும்.' அமீருதீன் ரெஜிஸ்டரைப் பார்த்தார். பெயர், தகப்பன் பெயர், விலாசம். மகள் அஃப்ஷானுக்குப் பொழிச்சலூரில் சம்பந்தம் பேசிக்கொண்டிருந்த நேரம். மகனை எழுப்பி, கூட்டிக்கொண்டு வந்துவிட்டார்.

"கடையைத் தூக்கிட்டா சரக்கு இல்ல. சரக்கு இல்லேன்னா அவன் தானா சரியாயிடுவான்" என்றார் இப்போது.

"வூட்ல ஒருத்தனுக்கு மலேரியான்னா, கொசுவைப் பத்தி மனு எழுதிட்டு உக்காந்திருப்பீங்களா?"

"எழுதியிருக்கேனே. கொசு மருந்துப் புகை அடிக்கற வண்டி அனுப்பினாங்க."

ஷம்சாத் கூடையை வைத்துவிட்டுப் போய்விட்டாள்.

கையெழுத்து வாங்குவது சுலபமாக முடிந்தது. முதல் கையெழுத்து குடியிருப்போர் சங்கத் தலைவர் ஸ்ரீநிவாசராகவன். பாங்கில் மேனேஜராக இருந்து ரிடையர் ஆனவர். படிக்காமலே போட்டார். "நீங்க ட்ராஃப்ட் பண்ணினா படிக்கணுமா பாய்?" அவரைப் பார்த்து மற்றவர்களும் படிக்கவில்லை. மீன் கூடையை இறக்கி வைத்துவிட்டு அங்காளம்மாள் கட்டை விரலை உருட்டினாள்.

தொண்ணூற்றொன்றாவது ஆளாகக் கடைக்குள் வந்து நின்றது துளசிங்கம்.

"இன்னா பாய், ஏரியா ஃபுல்லா கையெழுத்து வாங்கிகினு கீறே, என்னாண்ட மட்டும் வரல? நான் இந்த ஊர்க்காரன் இல்லியா?"

அமீருதீன் மனுத் தாளை மேஜையில் கவிழ்த்தார்.

"பவுடரு மேட்டராமே. விடக்கூடாது பாய், பசங்க வாழ்க்கை பேஜாராயிடும். பேனாவக் குடு."

கொடுத்தார். துளசிங்கம் அரைப் பக்கத்துக்குக் கையெழுத்துப் போட்டு, அடியில் ரெண்டு புள்ளியும் வைத்தான்.

மனு போன நான்காம் நாள். காலை பதினொன்றரை. இரண்டு ஜீப்புகள் லைன் ஓரமாக வந்து நின்றன.

துளசிங்கம் அன்றைக்கு ஏழு மணிக்கே விற்று முடித்து, ஷட்டரை இறக்கிவிட்டு, கோவிலம்பாக்கத்தில் ஒரு காதுகுத்துக்குப் போயிருந்தான். யார் சொன்னார்கள் என்று யாரும் கேட்கவில்லை. கடைக்குப் பின்னால் ஆறு பேர். ஐந்து பேர் தண்டவாளம் தாண்டி ஓடினார்கள். சுவரில் சாய்ந்து கண் செருகிக் கிடந்த ஆறாவது ஆளைக் காலால் எழுப்பினார்கள். சட்டைப் பையில் ஒரு பொட்டலம்.

அஃப்தாப்.

அமீருதீன் ஸ்டேஷனுக்கு ஓடினார். இன்ஸ்பெக்டர் சுப்ரமணியன் மரியாதையாகத்தான் உட்கார வைத்தார்.

"ஒரு பொட்டலம் சார். அரை கிராம் கூட இருக்காது. அவன் விக்கறவன் இல்ல, வாங்கறவன். சீக்காளி சார்."

சுப்ரமணியன் ஒரு ஃபைலைத் திருப்பி அவர் பக்கம் தள்ளினார். "இது யாரோட டைப்பிங்?"

"...என்னுதுதான்."

"தினமும் நூறு பேர். ஸ்கூல் பசங்க. உள்ளூர் வாலிபர் கும்பல். நகல் எட்டு எடத்துக்கு. எட்டு எடத்துலேருந்தும் எனக்கு போன் பாய்! ஒரு வாரத்துல கும்பலைப் பிடின்னு ஆர்டர். நூறு பேருக்கு சப்ளைன்னு நீங்க எழுதுவீங்க, நான் அரை கிராமை எடுத்துக்கிட்டுப் போயி மேல நீட்டணுமா? என்னைத் தூக்கி எந்தக் காட்டுல போடுவாங்க தெரியுமா?"

"மனுன்னா... கொஞ்சம் கூட்டி எழுதறதுதானே சார்."

"எஃப்.ஐ.ஆரும் அப்படித்தான்" என்றார் சுப்ரமணியன்.

கூட்டினார். அறுபது கிராம், ஒரு சின்னத் தராசு, ஈயத்தாள் ஒரு கட்டு.

மாலைப் பேப்பரில் 'மகனையே காட்டிக் கொடுத்த தந்தை' என்று கொட்டை எழுத்து. ஞாயிற்றுக்கிழமை காலை சங்கக் கூட்டத்துக்கு வரச் சொல்லி நாலு பேர் வீட்டுக்கே வந்து அழைத்துப் போனார்கள். ஸ்ரீநிவாசராகவன் பொன்னாடை போர்த்தினார். "பெற்ற பிள்ளை என்றும் பாராமல்..." என்று மைக்கில் ஆரம்பித்தவருக்கு நிஜமாகவே குரல் உடைந்தது. கைதட்டல் நிற்க வெகுநேரம் ஆயிற்று. அவன் என் மகன், அவனைப் பிடிக்க நான் எழுதவில்லை என்று சொல்ல அமீருதீன் எழுந்தார். மைக்கைப் பிடித்தார். முன் வரிசையில் பொழிச்சலூர் மாப்பிள்ளையின் தகப்பனார், கண் கலங்கி உட்கார்ந்திருந்தார்.

"நன்றி" என்று மட்டும் சொல்லிவிட்டு உட்கார்ந்தார்.

அன்று வீட்டில் ஷம்சாத் பொன்னாடையைப் பார்த்தாள். "இதைப் போத்திக்கிட்டா போய் அவனைப் பாப்பீங்க?" என்றாள். அதற்குப் பிறகு இரண்டு நாள் அவரோடு பேசவில்லை.

மூன்றாம் நாள் வக்கீல் ஞானாம்பாளைத் தேடிப் போனார்.

ஞானாம்பாள் காகிதங்களைப் படித்து முடித்துக் கண்ணாடியைக் கழற்றினாள். "அஞ்சு கிராம் வரைக்கும் சின்ன அளவு பாய். ஆறு மாசத்துக்கு மேல போகாது. அதுலயும், அவனே முன்வந்து ஆஸ்பத்திரியில சிகிச்சை எடுத்துக்கறான்னா வழக்கே வேண்டாம்னு விடறதுக்குச் சட்டத்துல எடம் இருக்கு. அறுபது கிராம்னா கதையே வேற. பத்து வருஷம் வரைக்கும் போகும்."

"அவனே கையெழுத்துப் போட்டுச் சேரணும்னு ஒரு டாக்டர் சொன்னார்."

"சேத்தீங்களா?"

அமீருதீன் மேஜைக் கண்ணாடிக்கு அடியில் இருந்த காலண்டரைப் பார்த்தார். 2007. பத்தைக் கூட்டினால் அஃப்தாபுக்கு முப்பத்திரண்டு.

"ஒரு வழி இருக்கு" என்றாள் ஞானாம்பாள். "மனுவில இருக்கற நூறு பேர், கும்பல் எல்லாம் மிகைன்னு நீங்க பிரமாணப் பத்திரம் குடுக்கணும். நீங்க மட்டும் குடுத்தா பெத்த பாசம்னு ஒதுக்கிடுவாங்க. கையெழுத்துப் போட்டவங்கள்ல ஒரு பத்துப் பேராவது கூட வரணும். 'நாங்க படிக்காமப் போட்டோம், இந்தப் பையன் விக்கறவன் இல்ல'ன்னு சொல்லணும்."

"வருவாங்க மேடம். அவன் போய் ஏ.சி. ரிப்பேர் பண்ணாத வீடு கெடையாது."

"பொண்ணு சம்பந்தம் பேசிட்டிருக்கறதா சொன்னீங்களே. ஊரறிய நான் பொய் எழுதினேன்னு சொல்லப் போறீங்க. யோசிச்சுக்குங்க."

யோசித்தார். கடைக்கு வந்து அடித்தார். இந்த முறை ஒவ்வொரு எண்ணுக்கும் விரல் நின்றது. எத்தனை பேர் வாங்குகிறார்கள் என்று எனக்குத் தெரியாது. நான் பார்த்தது ஒருவனை. அவன் என் மகன்.

முதல் கதவு ஸ்ரீநிவாசராகவன்.

"வாங்கோ பாய், காபி சாப்பிடறேளா?" என்றவர் காகிதத்தை வாங்கினார். முழுதாக, வரி வரியாக, இரண்டு முறை படித்தார். அமீருதீன் கொடுத்த ஒன்றை அவர் படித்தது அதுதான் முதல் தடவை.

"இதுல நான் எப்படிப் போடறது? நான் மேடையில பேசினது பேப்பர்ல வந்துடுத்து. நாளைக்கு சங்கத்தோட எந்த லெட்டரையாவது எவனாவது மதிப்பானா?"

"அஃப்தாபை உங்களுக்குத் தெரியும் சார். உங்க வீட்டு ஸ்பிளிட் ஏ.சி.யை அவன்தானே மாட்டினான்."

"தெரியும். நல்ல பையன். அதான் சொல்றேன், கொஞ்ச நாள் உள்ள இருந்தா திருந்திடுவான். வெளியில விட்டா மறுபடியும் அங்கதானே போய் நிப்பான்? நம்ம தெருவுல நாலு பசங்க இருக்கா பாய்."

நான்கு நாள் அலைந்தார். 'வீட்டுக்காரர் ஊரில் இல்லை.' 'சங்கத்துல கேட்டுட்டு சொல்றேன்.' ஒருவர் பேனாவைத் திறந்து, மூடி, "நீங்க எழுதினதுதானே பாய், எங்களை எதுக்கு இழுக்கறீங்க?" என்றார்.

அங்காளம்மாள் மட்டும் கதவைச் சாத்திவிட்டு உள்ளே கூப்பிட்டுப் பேசினாள்.

"உம் புள்ள விக்கறவன் இல்லன்னு எனக்குத் தெரியும் பாய். எப்புடித் தெரியும்னு கேளு. எம் புள்ள லோகுவும் அங்கதான் போறான். அன்னிக்கு லைனைத் தாண்டி ஓடி வந்தான் பாரு, அவனுங்கள்ல ஒருத்தன்."

"அப்ப வந்து சொல்லுக்கா. கோர்ட்ல சொல்லு."

"இன்னான்னு சொல்றது? சொன்னா 'ஒனக்கு எப்புடித் தெரியும்?'னு கேப்பான். அப்பால ஜீப்பு எவ்வூட்டு வாசல்ல வந்து நிக்கும்." அவள் அவர் கையைப் பிடித்துக்கொண்டாள். மீன் வாசம் அடித்தது. "அந்த டாக்டரு எங்க கீறாரு பாய்? எங்கனாவது சேத்துடலாம்னு பாக்கறேன். ஆனா பேரு எயுதுவாங்களாமே."

அமீருதீன் டாக்டரின் விலாசத்தைச் சொன்னார். அவள் தலையாட்டினாள். போகமாட்டாள் என்று அவருக்குத் தெரிந்தது.

ஒரு கையெழுத்தும் விழவில்லை.

ஐந்தாம் நாள் சிறையில் மனு போட்டு மகனைப் பார்த்தார். இரட்டை வலைக்கு அந்தப் பக்கம் வந்து நின்றவனை அவரால் சட்டென்று அடையாளம் காண முடியவில்லை. உதடு வெடித்திருந்தது. நிற்க முடியாமல் வலையைப் பிடித்துத் தொங்கினான்.

"அத்தா, எலும்பெல்லாம் யாரோ முறுக்கறாங்க அத்தா. தண்ணி குடிச்சாலும் வாந்தி. கீழ போறது நிக்கல."

"டாக்டர் பாக்கலியா?"

"காய்ச்சல் மாத்திரை குடுத்தாங்க. படுக்கை கேட்டா நடிக்கிறான்னு அடிக்கிறாங்க." குரலைத் தாழ்த்தினான். "உள்ளயே கெடைக்குது அத்தா. வெளியில இருக்கறவங்க சொல்லி விடணும். ஒண்ணே ஒண்ணு. இல்லேன்னா நான் செத்துருவேன்."

"அல்லா... என்னடா பேசறே?"

"நீங்கதானே எழுதினீங்க?" என்றான் அஃப்தாப். கோபமே இல்லை அந்தக் குரலில். நேரம் முடிந்தது என்று காவலர் தட்டினார். அவன் நகரவில்லை. இருவர் வந்து தூக்கிக்கொண்டு போனார்கள்.

பஸ் பிடித்தார். ஜி.எஸ்.டி. ரோட்டில் இறங்கினார். வீடு வலது பக்கம். இடது பக்கம் திரும்பினார்.

பட்டப்பகல். துளசிங்கத்தின் கடை திறந்திருந்தது. முன்னால் தண்ணீர் பாக்கெட் மூட்டைகள். பின்பக்கம் போய் வரும் கால்கள், எப்போதும்போல.

"வா பாய்! கையெழுத்தா? கேள்விப்பட்டேன். எவனும் போடலியாமே. குடு, நான் போடறேன். கோர்ட்டாண்ட மட்டும் வர முடியாது" என்று சிரித்தான் துளசிங்கம்.

"கையெழுத்து வேணாம்."

"பின்ன?"

அமீருதீன் பின்பக்கம் போகும் கால்களைப் பார்த்தார். "பையன் துடிக்கிறான்" என்றார்.

துளசிங்கத்தின் சிரிப்பு நின்றது. பாக்கெட் மூட்டையிலிருந்து ஒன்றை உருவி, முனையைக் கடித்துத் திறந்து அவரிடம் நீட்டினான். "குடி பாய், மொதல்ல." அவர் குடித்து முடித்தார். பிறகு மெதுவாகக் கேட்டான்: "எந்த பிளாக்கு?"

சொன்னார்.

"உள்ள நம்ம ஆளு கீறான். நாளைக்குக் காலைல போயிடும். நீ ஒண்ணும் கவலைப்படாத, நான் பாத்துக்கறேன்."

அந்த ஒரு வார்த்தையை இத்தனை நாளில் அவரிடம் வேறு யாரும் சொல்லவில்லை.

வீட்டுக்கு வந்தபோது ஷம்சாத் மதியத்து லுஹர் தொழுகையை முடித்து, பாயிலேயே உட்கார்ந்திருந்தாள். முகத்தைப் பார்த்துவிட்டுக் கேட்டாள். "யாராவது ஒத்துக்கிட்டாங்களா?"

"ஒருத்தர்" என்றார் அமீருதீன். "உதவி பண்றேன்னு சொல்லியிருக்கார்."

"யாருங்க?"

"உனக்குத் தெரியாது."

"பேர் தெரியலேன்னா என்ன? அல்லாவுக்குத் தெரியும்." அவள் இரண்டு கைகளையும் ஏந்தினாள். அந்த மனிதருக்கு நீண்ட ஆயுளைக் கொடு, அவர் பிள்ளைகளை நல்லபடியாக வை, அவர் தொழிலைப் பெருக்கிப் பரக்கத்தைக் கொடு என்று கண்ணை மூடிக்கொண்டு, ஒவ்வொன்றாக, நிறுத்தி நிறுத்திக் கேட்டாள். முடித்துவிட்டுக் காத்திருந்தாள்.

"ஆமீன் சொல்லுங்க" என்றாள்.

அவர் சொன்னார்.