முப்பத்தெட்டாவது வில்லை

1

இந்தக் கதைக்கு மூலம் மூன்று வரிச் செய்தி. ரங்கூனில், 1927-இல், துறைமுகத் தொழிலாளர் மாநாடு ஒன்றுக்கு ஒரே ஜெட்டியிலிருந்து, அதாவது கப்பல் அணையும் ஒரே துறையிலிருந்து, இரண்டு பிரதிநிதிகள் வந்தார்கள், நாற்காலி ஒன்றுதான், மறுதேர்தல் வேண்டும் என்று மனு. அவ்வளவுதான். மீதி நான் போட்டது.

முதலில் இப்படித் தொடங்கினேன்:

ரங்கூன் நதியில் நீர் ஏறிக்கொண்டிருந்த வேளையில், அழகிய இளம் விதவை ஒருத்தி—

அடித்துவிட்டேன். விதவை வருவாள். அதற்கு முன் தேர்தலைச் சொல்லியாக வேண்டும்.

2

ஜெட்டியில் பாதிப் பேருக்கு எழுத்துத் தெரியாது. அதனால் ஓட்டுச் சீட்டு கிடையாது, பித்தளை வில்லைதான்.* வேட்பாளர் இருவருக்கும் ஆளுக்கொரு மண்ணெண்ணெய் டின். யார் வேண்டுமோ அவர் டின்னில் வில்லையைப் போடுவது; மாநாட்டு வாசலில் எண்ணி முடிந்ததும் திரும்ப வாங்கிக்கொள்வது.

(*ஒவ்வொரு கூலிக்கும் எண் பொறித்த வில்லை ஒன்று உண்டு. கப்பலில் ஏறும்போது மேஸ்திரியிடம் கொடுத்து, இறங்கியதும் வாங்கிக்கொள்வான். வில்லை மேஸ்திரி பையில் இருந்தால் ஆள் வேலையில் இருக்கிறான் என்று அர்த்தம்.)

தேர்தலன்று காலை அரிசிக் கப்பல் வந்தது. நீர் ஏற்றம் யாருக்காகவும் காத்திருக்காது. நல்லையா மேஸ்திரியின் முப்பத்தேழு ஆட்களும் வில்லையைக் கொடுத்துவிட்டுக் கப்பலில் ஏறிவிட்டார்கள். வேட்பாளரான மேஸ்திரி, பையோடு வந்து தன் டின்னில் அப்படியே கவிழ்த்துவிட்டுப் போனார்.

எதிர்த்து நின்ற கிரேன்காரன் ரெங்கசாமிக்கு முப்பத்தொரு வில்லை. அவன் கேட்டது ஒன்றே ஒன்று: வில்லை தொழிலாளி கையிலேயே இருக்க வேண்டும். மாநாட்டில் அந்தத் தீர்மானத்தைக் கொண்டுவரத்தான் நின்றான்.

"ஆளு ஓட்டா, பை ஓட்டா மேஸ்திரி?"

"என் ஆளு, என் பை. இன்னிக்கு நேத்தா நடக்குது? நீ கிரேன் மேல ஒக்காந்திருக்கிறவன், உனக்கென்னடா தெரியும்!"

நல்லையாவைத் திருடனாக எழுதத்தான் நினைத்தேன். வரவில்லை. அவர் உண்மையாகவே இதில் ஒரு தப்பும் காணவில்லை.

3

அன்று மாலையே மாநாடு. கொட்டகை வாசலில் பிரதிநிதிகளைச் சரிபார்ப்பவர் அப்துல் ரவூப். அவர் நல்லையாவின் டின்னை மேசையில் கொட்டி எண்ணினார். முப்பத்தெட்டு. மறுபடி எண்ணினார். முப்பத்தெட்டுதான்.

"முப்பத்தேழு ஆளு, முப்பத்தெட்டு ஓட்டு. மேஸ்திரி, உம்ம பை குட்டி போட்டுதா?"

சிரித்தார்கள். ரவூப் எண்களை வாசித்தார். இருநூற்றுப் பன்னிரண்டு என்றபோது பின்னாலிருந்து ஒரு பெண் முன்னே வந்தாள். சொர்ணம்மாள். மூன்று மாதத்துக்கு முன், கப்பலுக்கும் ஜெட்டிக்கும் நடுவே விழுந்து செத்த சுந்தரத்தின் மனைவி. 'அன்றைக்கு அவன் வேலைக்கே வரவில்லை, வில்லையை முந்தின நாளே ஆபீசில் கட்டிவிட்டான், குடித்துவிட்டு ஆற்றில் விழுந்தான்' என்று கம்பெனிக்கு எழுதிக் கொடுத்தவர் நல்லையா.

ஆபீசில் கட்டியதாகச் சொன்ன அந்த இருநூற்றுப் பன்னிரண்டாம் வில்லை மேசைமேல் கிடந்தது; அப்படியானால் அன்றைக்கு அவன் வேலையில்தான் இருந்திருக்கிறான். பையின் அடியில் கிடந்ததை மேஸ்திரி மறந்தே போயிருக்கிறார்.

4

இங்கே கதையை முடித்துவிடலாம். நானும் முடித்தேன்:

நல்லையா தலை குனிந்தார். மறுதேர்தலில் ரெங்கசாமி அமோகமாக—

ரவூப் விடவில்லை. "மறுதேர்தல்னா முதல் தேர்தல் நடக்கவே இல்லைன்னு அர்த்தம். எண்ணின காகிதத்தைக் கிழிச்சிடணும். வில்லையெல்லாம் வாங்கின எடத்துக்கே, அதாவது மேஸ்திரி பைக்குத் திரும்பணும். அதான் சங்க விதி."

(விதியைக் கொஞ்சம் தளர்த்தலாமே என்று நீங்கள் கேட்கலாம். தளர்த்தினால், அடுத்த வருஷம் தோற்றவனெல்லாம் தளர்த்தச் சொல்வான் என்கிறார். நான் உண்டாக்கிய ஆள்தான்; ஆனாலும் அவர் சொல்வது நியாயமாக இருக்கிறது.)

முதல் தேர்தல் செல்லும் என்றால், எண்களோடு முடிவு மாநாட்டில் உரக்க வாசிக்கப்பட்டுப் புத்தகத்தில் ஏறும். இருநூற்றுப் பன்னிரண்டு மேஸ்திரி பையிலிருந்து வந்தது என்பதும் ஏறும். நாற்காலி நல்லையாவுக்கு. ரெங்கசாமியின் தீர்மானம் அடுத்த வருஷம், அல்லது எப்போதும் இல்லை.

மனு ரெங்கசாமியின் கையில் இருந்தது. கொடுத்தால் மறுதேர்தல்.

"தம்பி, குடுக்காத," என்றாள் சொர்ணம்மாள்.

"அக்கா, இன்னிக்கு விட்டா இன்னொரு சுந்தரம் விழுவான்."

"விழுந்தவனுக்கு யாரு சாட்சி சொல்லுவா?"

5

இன்னொரு முடிவும் எழுதினேன். அதில் ரவூப் வில்லையைத் தன் சட்டைப் பைக்குள் நழுவவிடுகிறார். படித்துப் பார்த்தேன். அடுத்தவன் வில்லையைப் பையில் வைத்துக்கொள்வதால்தானே இவ்வளவு சண்டை? கிழித்துவிட்டேன்.

வேட்பாளர் இருவரும் நின்று வாதாடிக்கொண்டிருந்தபோது சொர்ணம்மாள் வில்லைகளை டின்னில் அள்ளிப்போட்டு, மடியில் வைத்துக்கொண்டு, அந்த ஜெட்டிக்கு ஒதுக்கிய நாற்காலியில் போய் உட்கார்ந்தாள்.

"யம்மா, அது பிரதிநிதி எடம். எந்திரி," என்றார் ரவூப்.

"செத்தவன் ஓட்டுப் போட்டான்ல ராவுத்தரே? அவன் சார்பா உக்காந்திருக்கேன்."

மணி அடித்துவிட்டது. எல்லா நாற்காலியும் நிரம்பிவிட்டது. ரெங்கசாமி மனுவோடு நிற்கிறான். அவளைப் பார்க்கிறான், அப்புறம் தாளுக்கு வெளியே, இந்தப் பக்கம் பார்க்கிறான். என்னிடம் கேட்டுப் பயனில்லை. டின்னையும் நாற்காலியையும் கொண்டுவந்து போட்டதே நான்தான், எனக்கு ஓட்டுக் கிடையாது.

உங்களுக்கு உண்டு. மனுவை வாங்கிக்கொள்வதென்றால், முதலில் அவள் மடியிலிருந்து அந்த டின்னை நீங்களே எடுங்கள்.